ஐந்தடி ஓர் அங்குலம்

எங்கள் வீட்டுச் சமையலறையில் மேல் தட்டில் இருக்கிற ஊறுகாய் ஜாடி எனக்கு எட்டாது. முக்காலி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் என் மாமியார் இதைப் பார்த்துவிட்டு, "பெண் பார்க்க வந்த அன்று நீ உட்கார்ந்தேதான் இருந்தாய், இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவாகப் பிறந்தவள் வேறு என்ன செய்வது?

ஆகையால், குள்ளமானவர்கள் உயரமானவர்களைச் சமாளித்த கதை எங்கே கிடைத்தாலும் என் காது தானாக நீண்டுவிடும். அப்படிப்பட்ட கதை ஒன்று, பட்டுப் புடைவை வாங்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது.

நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். "கடையில் போய் விளக்கு வெளிச்சத்தில் ஏமாற வேண்டாம். ஆரணிக்குப் போய்த் தறியிலேயே பார்த்து வாங்கலாம்" என்று என் நாத்தனார் தீர்மானித்துவிட்டார். வேலூரிலிருந்து பஸ் ஏறி ஆரணியில் இறங்கினோம். கமண்டல நாக நதிக் கரையில் இருக்கும் ஊர். நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு தறியின் 'தடக், தடக்' சத்தம்தான்.

நாங்கள் போன வீட்டில் குழித்தறி. நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் குழிக்குள். கையில் நாடா ஓடுகிறது. ஜரிகைக் கரை மின்னுகிறது. எல்லோரும் அதைத்தான் பார்க்கிறோம். குழிக்குள்ளே கால்கள் மாறி மாறி மிதித்துப் பாவைப் பிரித்துக் கொடுத்தால்தான் நாடாவுக்கு வழி உண்டு என்பது யார் நினைவுக்கும் வருவதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நாத்தனார் கரையின் அகலத்தில் ஆழ்ந்துவிட்டார். நான் சுவரைப் பார்த்தேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படம் ஒன்று. கையில் கூடைப்பந்துடன் ஒரு பெண்.

"இது அனிதா பால்துரை இல்லையோ?" என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாளாம். ரெட்டைப் பின்னல். முழங்காலில் பிளாஸ்திரி. "உங்களுக்கு அவங்களைத் தெரியுமா அக்கா?" என்று ஒரே பாய்ச்சலில் வெளியே வந்துவிட்டாள்.

சென்னைப் பெண்ணான அனிதாவைத் தெரியாமல் என்ன? 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர். பத்தொன்பது வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். கூடைக்கு அடியில் நின்று எட்டிப் போடுகிற நெட்டையர் வரிசையில் சேர்ந்தவர் அல்ல அவர். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிற 'கார்டு' ஆட்டக்காரர். அவரோடு தெற்கு ரயில்வேயிலும் இந்திய அணியிலும் ஆடிய கேரளத்துப் பெண் கீது அன்னா ஜோஸ் ஆறடி இரண்டு அங்குலம். உயரத்துக்கு ஒருவர், ஓட்டத்துக்கு ஒருவர் என்று அணியில் இரண்டு விதமும் வேண்டியிருக்கிறது.

"நீ எந்த இடத்தில் ஆடுகிறாய்?" என்று கேட்டேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்கு எங்களுக்கு மாட்ச் அக்கா. எதிர் டீமிலே ஒருத்தி இருக்கா. ஆறடிக்கு ஒரு அங்குலம்தான் கம்மி. அவளை நான்தான் தடுக்கணுமாம். டீச்சர் சொல்லிட்டாங்க. நான் ஐந்தடி ஒண்ணு."

தறியிலிருந்து அவள் அப்பா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இந்த வருஷத்தோட பந்து போதும்னு சொல்லிட்டேங்க. உசரம் இல்லாத பொண்ணுக்கு அந்த ஆட்டம் எதுக்கு? ஒரு மாட்ச்சுலயாவது பத்துப் பாயிண்ட்டு போட்டிருக்காளா, கேளுங்க."

அவள் பதில் சொல்லவில்லை. பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு நின்றாள். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். நாத்தனார் புடைவை பார்க்கட்டும். நான் பந்தாட்டம் பார்ப்பது!

அப்பா சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கூடை இருப்பது பத்தடி உயரத்தில். அதன் அடியில் பந்தைப் பிடித்துவிட்டால், ஆறடிப் பெண் கையைத் தூக்கிச் சுலபமாகப் போட்டுவிட்டு வரலாம்; ஐந்தடிப் பெண் குதித்தாலும் அவள் மணிக்கட்டைத்தான் தொடுவாள். 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக் கூடையை ஆணியில் மாட்டி இந்த ஆட்டத்தை ஆரம்பித்து வைத்த காலந்தொட்டு, நெட்டையர்களை என்ன செய்வது என்பதே தலைவலிதான். சட்டம் போட்டுப் பார்த்தார்கள். தாக்குகிற அணியைச் சேர்ந்தவர் கூடைக்கு முன்னாலுள்ள கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் தங்கக் கூடாது என்று விதித்தார்கள். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில், வில்ட் சேம்பர்லின் என்ற ஏழடி ஓரங்குல மனிதர் 1962இல் ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி எடுத்துவிட்டார். இரண்டு வருஷத்தில் அந்தக் கட்டத்தையே பன்னிரண்டடியிலிருந்து பதினாறடியாக அகலப்படுத்தினார்கள்! கூடையிலிருந்து தள்ளி நிறுத்தினால் உயரத்தின் பலம் குறையும் என்பது சட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ரகசியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். சிமெண்டுத் தரை. ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் நாலைந்து அம்மாக்கள், தம்பி தங்கைகள், ஒரு சுண்டல்காரர். நம் பெண்ணின் அப்பா வரவில்லை. தறியை விட்டுவிட்டு எப்படி வருவார்?

முதல் பாதி பரிதாபம். நெட்டைப் பெண் நேராகக் கூடைக்கு அடியில் வந்து நிற்பாள். பந்து உயரத்தில் வரும். பிடிப்பாள். நம் பெண் அப்போதுதான் அவள் மேல் பாய்வாள். குதிப்பாள், கையை வீசுவாள். பந்து கூடைக்குள் போய்விடும். போதாக்குறைக்கு ரெஃப்ரியின் விசிலும் ஊதும். பாதி ஆட்டம் முடிந்தபோது நெட்டைப் பெண் பதினாறு புள்ளி எடுத்திருந்தாள். நம் பெண்ணின் பேரில் மூன்று ஃபவுல். ஐந்து ஆனால் வெளியே உட்கார வேண்டியதுதான்.

இடைவேளையில் அவள் கண் கலங்கி வந்து நின்றாள். "என்னாலே முடியலே டீச்சர். வேற யாரையாவது போடுங்க."

பி.டி. டீச்சரும் உயரமானவர் அல்ல. எலுமிச்சம்பழம் ஒன்றை அரிந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, "பத்து நாளாகச் சொல்லிக் கொடுத்தேனே, எல்லாம் விசில் ஊதினதும் மறந்து போச்சா?" என்றார். "பந்து அவள் கைக்கு வந்த பிறகு நீ செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லை. நீ மட்டும் இல்லை, நானே வந்தாலும் இல்லை. உன் வேலை எல்லாம் பந்து வர்றதுக்கு முந்தி. அவள் எங்கே நிற்கணும்னு அவளா முடிவு செய்யறா? நீ முடிவு செய். அவளுக்கு முன்னே ஓடிப் போய் அந்த இடத்திலே நில்லு. கையை மறந்துடு. காலை நினைச்சுக்கோ."

இடத்தை முந்திப் பிடித்தல்! எனக்கு ஊரின் பழைய சரித்திரம் ஒன்று நினைவுக்கு வந்தது. 1751 டிசம்பரில் இதே ஆரணியில் ஒரு சண்டை நடந்தது. ஆர்க்காட்டு முற்றுகை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ராஜா சாகிப்பின் படையும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம். அவர்களைவிடச் சிறிய படையோடு ராபர்ட் கிளைவ் மறுபக்கம். கிளைவ் நமக்கு உறவுமில்லை, அவரைப் புகழ வேண்டிய கடமையும் நமக்கில்லை. ஆனால் அவர் நின்ற இடத்தைப் பாருங்கள்: முன்னால் தண்ணீர் கட்டிய நெல் வயல். சேற்றில் பீரங்கி வண்டி இறங்காது. குறுகலான கரைப் பாதையில் வரிசையாக வந்தாக வேண்டும். பெரிய படை பெரிய படையாக நிற்க இடமில்லாமலே தோற்றது.

இரண்டாம் பாதியில் நம் பெண் வேறு பெண்ணாக இருந்தாள்.

நெட்டைப் பெண் ஓடி வருவதற்குள் அவளுக்குப் பிடித்த இடத்தில் இவள் போய் நின்றுகொண்டாள். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, அகலக் காலூன்றி நின்றாள். தள்ளவில்லை; தள்ளினால் ஃபவுல். வெறுமனே அங்கே இருந்தாள். ஏற்கெனவே ஒருத்தி அசையாமல் நிற்கிற இடத்தில் இன்னொருத்தி இடித்துக்கொண்டு வந்தால், குற்றம் வந்தவளுடையது என்கிறது சட்டம். ஒரு தடவை அப்படியே நடந்தது. நெட்டைப் பெண் வேகமாகத் திரும்பினாள். தோள் இவள் மார்பில் மோதியது. இவள் மல்லாந்து விழுந்தாள். விசில்! ஃபவுல் நெட்டைப் பெண்ணுக்கு. விழுந்தவள் சிரித்துக்கொண்டு எழுந்தாள்.

கூடைக்கு அடியில் நிற்க முடியாத நெட்டைப் பெண் இரண்டு எட்டுத் தள்ளி நின்று பந்தைக் கேட்டாள். இரண்டு எட்டுத்தானே என்று நினைக்காதீர்கள். அடியில் நின்றால் கையைத் தூக்கிச் சுலபமாகப் போட்டுவிடலாம். இரண்டு எட்டுத் தள்ளி நின்றால் தரையில் தட்டித் திரும்ப வேண்டும். குறி பார்க்க வேண்டும். பந்து தரைக்கு வந்தால் குள்ளமானவளின் கைக்கு அது பக்கம்!

பிறகு இவள் அவளுக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் முக்கால் பங்கு முன்னால் வந்து, ஒரு கையைப் பந்து வருகிற வழியில் நீட்டிக்கொண்டாள். இனி நேராகப் பந்து கொடுக்க முடியாது. தலைக்கு மேலே தூக்கித்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால் இவளால் ஒன்றும் செய்ய முடியாதுதான். அதற்காகவே பின்னால் இன்னொருத்தி ஓடி வரத் தயாராக இருந்தாள். "மேலே! மேலே!" என்று இவள் கத்துவாள், அவள் வந்து பந்தைத் தட்டிவிடுவாள். பந்தை அனுப்புகிறவளின் முகத்துக்கு நேரே இன்னொருத்தி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பாள். நெட்டைப் பெண்ணைத் தடுத்தவள் ஒருத்தி என்று பார்ப்பவர்கள் நினைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் மூன்று பேர்.

பந்து கைக்குப் போயேவிட்ட சமயங்களிலும் இவள் முன்போல் பாயவில்லை. இரண்டு கையையும் நேராக மேலே தூக்கிக்கொண்டு தூண் மாதிரி நின்றாள். நம் தலைக்கு நேர் மேலே இருக்கிற ஆகாசம் நமக்குச் சொந்தம் என்று ஆட்டத்தின் சட்டம் சொல்கிறது. கையை முன்னால் வீசினால்தான் ஃபவுல். ஒரு தடவை நெட்டைப் பெண் முதுகைக் கொடுத்துப் பலமாகச் சாய்ந்து தள்ளிக்கொண்டே வந்தாள். நம் பெண் சட்டென்று ஓர் எட்டுப் பின்வாங்கினாள். சாய்ந்தவள் பந்தோடு தடுமாறி, தட்டாமல் இரண்டு மூன்று அடி வைத்துவிட்டாள். பந்து நம் பக்கம்! வேப்பமரத்தடி அம்மாக்கள் கை கொட்டினார்கள். சுண்டல்காரர்கூட வியாபாரத்தை மறந்துவிட்டார்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது வேறொன்று. யாராவது பந்தை எறிந்து அது கூடைக்குள் விழாமல் திரும்பும்போது, எல்லோரும் அண்ணாந்து பந்தைப் பார்ப்பார்கள். இவள் பார்க்க மாட்டாள். நெட்டைப் பெண்ணுக்கு முன்னால் திரும்பி நின்று, தன் முதுகாலும் இடுப்பாலும் அவளை அண்ட விடாமல் அடைத்துக்கொள்வாள். பந்து இவள் கைக்கு வராது. இவளுடைய தோழி ஓடி வந்து எடுத்துக்கொள்வாள். கணக்குப் புத்தகத்தில் தோழியின் பேருக்கு எதிரில் ஒரு கோடு விழும். இவள் பேருக்கு எதிரில் ஒன்றும் விழாது.

முடிவு என்ன என்று கேட்கிறீர்களா? நம் பெண்கள் தோற்றுப் போனார்கள்! 41-38. கடைசி நிமிஷத்தில் நெட்டைப் பெண்ணைச் சூழ்ந்துகொள்ள இரண்டு பேர் போனார்கள். வெளியே தனியாக நின்ற இன்னொருத்தி நிதானமாகக் குறி பார்த்துப் போட்டுவிட்டாள். ஒரு பக்கம் ஆள் கூட்டினால் இன்னொரு பக்கம் ஆள் குறையத்தான் செய்யும். ஆனால் முதல் பாதியில் பதினாறு எடுத்த நெட்டைப் பெண் இரண்டாம் பாதியில் எடுத்தது நாலே நாலு புள்ளி.

"தோத்துட்டோமே டீச்சர்" என்று நம் பெண் விம்மினாள். டீச்சர் அவள் வியர்வையைத் துடைத்துவிட்டு, "நீ தோக்கலே. நாம் மூணு புள்ளி தோத்தோம். அது வேற கணக்கு" என்றார்.

வேறு கணக்குத்தான். 2024 ஜூனில் சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. சீன அணியில் ஜாங் ஜியூ என்ற பெண். உயரம் ஏழடிக்கும் மேலே! பக்கத்தில் நின்றவர்களில் சிலர் அவள் தோளுக்கும் வரவில்லை. அந்த ஒரே ஆட்டத்தில் அவள் 42 புள்ளி எடுத்தாள். ஆனால் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது எதிரே ஆடிய ஆஸ்திரேலியா, 96-79!    அங்கே நெட்டைப் பெண் நாற்பத்திரண்டு எடுத்தும் குள்ளமானவர்கள் ஜெயித்தார்கள். ஆரணியில் நாலுக்குள் அடக்கியும் தோற்றார்கள். ஆக, காவல் காப்பவளின் வேலையை ஆட்டத்தின் முடிவை மட்டும் வைத்து எடை போடக் கூடாது.

ஜப்பான் பெண்களையும் சொல்லாமல் விட முடியாது. கூடைப்பந்து உலகத்தில் அவர்கள் சுண்டைக்காய்கள். ஆனால் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்கள். அந்த அணியில் ருயி மாச்சிதா என்ற பெண்ணின் உயரம் 162 சென்டிமீட்டர்; நம் கணக்கில் ஐந்தடி நாலு அங்குலம். பிரான்ஸுடன் ஆடிய அரையிறுதியில், தோழிகள் கூடையில் போடுவதற்காக அவள் எடுத்துக் கொடுத்த பந்துகள் பதினெட்டு. ஒலிம்பிக் சாதனை அது! 2025இல் அதே ஷென்ஜென் நகரத்தில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பை அரையிறுதியில், ஜாங் ஜியூ இருந்த சீன அணியையே ஜப்பான் வென்றுவிட்டது. அவர்கள் வழி என்ன? கூடைக்கு அடியில் போய் மோதாமல் தூரத்திலிருந்து குறி பார்ப்பது; நிற்காமல் ஓடுவது. நெட்டையானவர்களும் கூடையடியை விட்டு வெளியே வந்து கூடவே ஓடித்தானே ஆக வேண்டும்?

நமக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில், இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்று மேல் பிரிவுக்கு ஏறினார்கள். நெசவாளர் வீட்டுச் சுவரில் பார்த்தேனே, அந்த அனிதாவும் அந்த அணியில் ஆடினார்.

மத்தியானம் புடைவையை வாங்கிக்கொள்ளத் தறிக்காரர் வீட்டுக்குத் திரும்பினேன். நாத்தனாருக்கு மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை அமைந்துவிட்டது, முகமெல்லாம் சிரிப்பு. நம் பெண் எனக்கு முன்னாலேயே வந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தினி பாயிண்ட்டு போட்டே?" என்றார் அப்பா, நாடாவை நிறுத்தாமல்.

"ஒண்ணும் இல்லேப்பா."

"நான்தான் சொன்னேனே."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, ஒன்று கேட்கலாமா?" என்றேன். "இந்தக் குழிக்குள் உங்கள் கால் இருக்கிறதே, அது இதுவரை எத்தனை முழம் நெய்திருக்கிறது?"

அவர் விளங்காமல் பார்த்தார். "கால் எங்கேம்மா நெய்யுது? கைதான் நெய்யுது. கால் மிதிச்சுக் கொடுக்குது."

"மிதிக்காவிட்டால்?"

"மிதிக்காட்டி நாடா எப்படிப் போகும்?" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் காலையில் பார்த்ததை எல்லாம் சொன்னேன். இடத்தை முந்திப் பிடித்ததை, விழுந்து எழுந்ததை, முதுகால் அடைத்து நின்றதை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அறுந்திருந்த ஓர் இழையை எடுத்து முறுக்கி ஒட்டினார். அப்புறம் மகளிடம் கேட்டார்: "அந்த உசரப் பொண்ணு எத்தினி போட்டுது?"

"முதல் பாதியிலே பதினாறுப்பா. அப்புறம் நாலு."

"நாலா?"

"நாலுதான்."

மறுபடி 'தடக், தடக்' என்று தறி ஆரம்பித்தது. நாங்கள் வாசற்படி இறங்குகிற நேரத்தில் அவர் குரல் கேட்டது: "அடுத்த மாட்ச்சு என்னிக்கி?"

அவள் என்ன தேதி சொன்னாள் என்பது தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் மேல் தட்டு ஊறுகாய் ஜாடியை எடுத்துக் கீழ்த் தட்டில் வைத்தேன். இத்தனை வருஷம் முக்காலி ஏறிக்கொண்டிருந்தேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது. உயரத்தோடு மல்லுக்கட்டுவானேன்? இடத்தை மாற்றினால் போயிற்று!